வால்டோரா ஆடிக்குத் தாய்வீடு வந்த கதை

தென்காசி ரோட்டில் என் பஞ்சர் கடைக்கு நேர் எதிரே பிராண்டோவா கார் கம்பெனிக்காரன் கண்ணாடியிலேயே ஒரு ஷோரூம் கட்டினான். பிராண்டோவா என்றால் சாதாரணம் இல்லை, உலகம் பூரா கார் விற்கிறவன். எந்த நாட்டுக் கம்பெனி என்று கேட்டால் அவர்களுக்கே சரியாகச் சொல்லத் தெரியாது. எஞ்சின் ஒரு தேசத்தில் செய்வார்களாம், டயர் இன்னொரு தேசத்தில், சீட்டுத் துணி வேறெங்கோ. டயர் எந்தத் தேசத்தில் செய்தால் என்ன, ஆணி நம்மூர் ஆணிதானே. அதனால் எனக்கு அவர்கள் மேல் வருத்தம் ஒன்றும் கிடையாது.

ஏஜென்சி எடுத்தவள் திலகவதி அக்கா. இருந்த தென்னந்தோப்பை விற்று இதில் போட்டவள், கெட்டிக்காரி. ஆனால் ஆள் வைக்கிற இடத்தில் சறுக்கிவிட்டாள். சொந்தச் சித்தப்பா பையன்கள் நாலு பேர் ஊசிப்பட்டியில் சும்மா திரிகிறார்கள், வெளி ஆளை வைத்தால் சித்தி மூஞ்சியில் முழிக்க முடியாது என்று அவர்களையே கூட்டிக்கொண்டு வந்தாள்.

மூத்தவன் அய்யாக்கண்ணு. எதையும் யோசிக்காமல் செய்யமாட்டான், ஆபத்தே அதில்தான். அடுத்தவன் சடையாண்டி, சந்தேகம் கேட்டே ஆளைக் கொல்லுவான். மூன்றாவது நல்லுச்சாமிக்குக் கண்ணீர் தயாராக நிற்கும். கடைக்குட்டி குட்டியப்பன் அண்ணன்மார் என்ன சொன்னாலும் தலையாட்டுவான், மூன்று பேரும் மூன்று விதமாகச் சொன்னாலும் ஆட்டுவான்.

கம்பெனிக்கு நாலு மாடல் வண்டி. பிப்போ என்று ஒரு சின்னக் கார். செரிமா என்று நீளமாக ஒன்று. வால்டோரா, ஏழு பேர் உட்காருகிற பெரிய வண்டி, குங்குமச் சிவப்பு. நாலாவது டோகோ, பின்னால் திறந்த தொட்டி வைத்த லோடு வண்டி.

திறப்பு விழாவுக்குச் சென்னையிலிருந்து பிரசன்னா என்று ஓர் ஆபீசர் வந்தார். திலகவதி அக்காவிடம் கறாராகச் சொன்னார்.

"மேடம், கம்பெனியோட எல்லா மாடலும் எப்பவும் இங்க நிக்கணும். தலைவர் ஹென்ட்ரிக் திடீர்னு வருவார். ஒண்ணு குறைஞ்சாலும் ஏஜென்சியைப் பிடுங்கி வேற ஆள்கிட்ட கொடுத்துடுவார். இரக்கமே பார்க்கமாட்டார்."

அக்கா தோப்பை நினைத்துக்கொண்டு தலையாட்டினாள். அவர் அதோடு போயிருக்கலாம். இந்த நாலு பேர் பக்கமும் திரும்பினார்.

"தம்பிகளா, ஆளுக்கு ஒரு வண்டி உங்க பொறுப்பு. விக்கிற சாமான்னு நினைக்காதீங்க. நீங்க பெத்த பிள்ளை மாதிரி பாத்துக்கணும். வேற ஒண்ணும் தெரிய வேண்டாம்."

அவர் காரில் ஏறிப் போய்விட்டார். வேறு ஒன்றும் தெரியாதவர்களிடம் அப்படிச் சொல்லிவிட்டுப் போகலாமா?

மறுநாள் காலையில் நான் கடையைத் திறக்கிறேன், எதிரே நாலு வண்டிக்கும் கன்னத்தில் மைப் பொட்டு. சாம்பிராணிப் புகையில் கண்ணாடி ஷோரூம் கண்ணுக்கே தெரியவில்லை. நல்லுச்சாமி பிப்போவை மடியில் துண்டு விரித்துத் துவட்டிக்கொண்டிருந்தான், அதாவது கைக்கு எட்டிய ஒரு சக்கரத்தை. பிள்ளைக்குச் சளி பிடித்துவிடுமாம்.

ஒரு வாரத்தில் மொட்டைப் பேச்சு வந்தது. நாலு பேரும் செரிமாவைச் சுற்றி உட்கார்ந்தார்கள்.

"முதல் மொட்டை குலதெய்வத்துக்கு. ஊசிப்பட்டி அய்யனார் கோயில்ல எடுத்தாகணும்" என்றான் அய்யாக்கண்ணு.

"எடுக்கலாம்ணே. முடி எங்க இருக்கு?" என்றான் சடையாண்டி.

நாலு பேரும் வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தார்கள். அய்யாக்கண்ணு ஸ்டூல் போட்டு ஏறி மேலே பார்த்தான். கூரையின் பின்பக்கம் ரேடியோவுக்கான கம்பி ஒன்று நீட்டிக்கொண்டிருந்தது.

"இருக்குப்பா. ஒரே ஒரு முடி. பச்சைப் பிள்ளைதானே, இப்பதான் முளைச்சிருக்கு."

கோயிலுக்குக் கொண்டுபோய்க் கம்பியை அறுத்து, கூரை முழுக்கச் சந்தனம் பூசித் திரும்பக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். அதற்கப்புறம் அந்த வண்டியில் ரேடியோ பாடவில்லை. திலகவதி அக்கா தலையில் அடித்துக்கொண்டாள். "மொட்டை போட்ட அன்னைக்குப் பிள்ளை சத்தம் காட்டாதுக்கா" என்று நல்லுச்சாமி அவளைத் தேற்றினான்.

அடுத்தது பிப்போவுக்குக் காதுகுத்து. இதில்தான் நான் மாட்டினேன்.

"காது குத்தணும்னா தாய்மாமன் மடியில உக்காரணும். நாம எல்லாரும் அப்பனும் சித்தப்பனும். அக்கா அத்தை. மாமனுக்கு எங்க போறது?" என்றான் சடையாண்டி.

"மாமன் வேற குடும்பமா இருக்கணும். கூப்பிட்ட உடனே வரணும்" என்ற அய்யாக்கண்ணு, கண்ணாடி வழியாக என் கடையைப் பார்த்தான்.

தட்டும் வெற்றிலையுமாக நாலு பேரும் ரோட்டைத் தாண்டி வந்து என் முன்னால் நின்றார்கள். "மச்சான்" என்றார்கள். என் பெயர் சங்கிலி, ஊரே சங்கிலி அண்ணே என்றுதான் கூப்பிடும். தாம்பூலத்தோடு வந்து மச்சான் என்று சொன்னவர்களை எப்படி விரட்டுவது? சரிதான், ஒரு கூத்துப் பார்ப்போம் என்று போனேன்.

போனால் பாய் விரித்திருக்கிறது. அதில் என்னைச் சம்மணம் போட்டு உட்காரச் சொல்லிவிட்டு, நாலு பேரும் என் கடை ஜாக்கியையே எடுத்து வண்டியைத் தூக்குகிறார்கள். எதற்கு என்று எனக்கு விளங்குவதற்குள் முன்சக்கரம் என் மடிக்கு மேலே வந்துவிட்டது.

"மெதுவா இறக்குப்பா, மாமனுக்கு வலிக்காம" என்றான் அய்யாக்கண்ணு.

அந்நேரம் என் பெண்டாட்டி சோற்றுத் தூக்கோடு வந்தாள். வந்தவள் தூக்கை வீசி எறிந்துவிட்டு என் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்த இழுப்பில்தான் இன்றைக்கும் ரெண்டு காலோடு உட்கார்ந்து இதைச் சொல்கிறேன். மாமன் மடி கிடைக்காவிட்டாலும் நேரம் தப்பக்கூடாது என்று அவர்கள் பிப்போவின் பக்கக் கண்ணாடிகள் ரெண்டிலும் ட்ரில்லர் வைத்து ஓட்டை போட்டு வளையம் மாட்டிவிட்டார்கள். வளையம் நன்றாகத்தான் இருந்தது, பின்னால் வருகிற வண்டிதான் தெரியாது.

இத்தனைக்கும் நடுவில், தை மாதம், முதல் வாடிக்கைக்காரர் வந்தார். வெல்ல மண்டி ஆவுடையப்பன். நல்ல மனுஷன், முறை தெரிந்த குடும்பம். வால்டோராவைப் பார்க்க வேண்டும் என்றார். அய்யாக்கண்ணு முகம் மாறிவிட்டது. உள்ளே போய்த் தம்பிமார்களைக் கூட்டினான்.

"பெத்த பிள்ளையை எவனாவது விப்பானாடா?" என்று நல்லுச்சாமி அழ ஆரம்பித்தான்.

"விக்கக் கூடாது. கட்டிக் கொடுக்கலாம்" என்றான் அய்யாக்கண்ணு. இப்படி ஒரு தீர்ப்பை ஊசிப்பட்டியில் அதுவரை யாரும் சொன்னதில்லை.

ஆவுடையப்பனை உட்கார வைத்துக் காப்பி கொடுத்தார்கள். குடிப்பழக்கம் உண்டா என்று கேட்டார்கள். வண்டி ஓட்டுகிறவனிடம் கேட்க வேண்டிய கேள்விதான் என்று அவரும் இல்லை என்றார். வண்டி நிற்க நிழல் இருக்கிறதா என்றார்கள், இருக்கிறது என்றார்.

"வீட்டுல ஏற்கெனவே வேற ஏதும் உண்டா?" என்றான் அய்யாக்கண்ணு.

"ஒரு டிராக்டர் இருக்கு. பத்துப் பன்னெண்டு வருஷமா இருக்கு."

குட்டியப்பன்கூடத் தலையாட்டவில்லை.

"மூத்தது இருக்கும்போது ரெண்டாந்தாரமா கொடுக்கறதா?" என்று மெதுவாகக் கேட்டான் சடையாண்டி.

"மூத்தது சம்மதிச்சா கொடுக்கலாம்" என்றான் அய்யாக்கண்ணு.

நாலு பேரும் மண்டிக்குப் போய் டிராக்டர் முன்னால் கைகட்டி நின்று விஷயத்தைச் சொன்னார்கள். டிராக்டர் பேசவில்லை. "ஒரு வார்த்தை எதிர்த்துச் சொல்லலையே. பெரிய மனசு அதுக்கு" என்று நல்லுச்சாமி அதன் பானெட்டில் முகம் வைத்து அழுதுவிட்டு வந்தான்.

வால்டோரா போன அன்றைக்குப் பூமாலை, மேளம் எல்லாம் உண்டு. சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்தார்கள். பின்பக்கம் குத்துவிளக்கு, குடம், மெத்தை, தலையணை என்று சீர் ஏற்றினார்கள். கார் வாங்கினால் பாத்திரமும் மெத்தையும் தருகிற கம்பெனியை ஆவுடையப்பன் அதுவரை பார்த்ததில்லை, அவர் பெண்டாட்டி பகவதிக்கு வாயெல்லாம் பல். வண்டி கிளம்பினபோது நாலு பேரும் நடுரோட்டில் நின்று கதறியதில் தென்காசி பஸ் நின்று, உள்ளே இருந்தவர்கள் யார் செத்தது என்று என்னிடம் விசாரித்தார்கள்.

விற்றுவிட்டோம் என்று திலகவதி அக்காவுக்குச் சந்தோஷம். அந்தச் சந்தோஷம் ஆனி மாதக் கடைசி வரைக்கும்தான். பிரசன்னா போன் செய்தார்.

"மேடம், ஆடி முதல் வெள்ளிக்கிழமை தலைவர் வர்றார். கரண்ட்டுல ஓடற புது வண்டி ஒண்ணு, சின்ன ஊர்களுக்குன்னே செஞ்சது. அதுக்கு இன்னும் பேரே வெளியில விடலை. உங்க ஷோரூம்லதான் பேப்பர்காரங்க முன்னாடி பேரைச் சொல்லப் போறார். எல்லா மாடலும் நிக்குதுல்ல?"

"வால்டோரா போயிடுச்சே சார். வேற கேட்டேனே, வரலையே."

"அது கப்பல்ல இருக்கு மேடம். எப்படியாவது சமாளிங்க. ஒண்ணு குறைஞ்சாலும் என்னால ஒண்ணும் செய்ய முடியாது."

அக்கா போனை வைத்துவிட்டு நாற்காலியில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். நான் காற்றடிக்கப் போனவன், அவள் அழுவதை அன்றைக்குத்தான் பார்த்தேன். தோப்பும் போய் இதுவும் போனால் அவள் எங்கே போவாள்?

"புதுசா ஒரு சின்னது வேற வரப்போகுதாம்டா. இருக்க வேண்டிய பெருசே இல்லையே" என்று தம்பிகளிடம் சொன்னாள்.

அய்யாக்கண்ணு வெகுநேரம் யோசித்தான். "எதுக்குக்கா அழுவுற? ஆடி பிறந்தா பொண்ணு தாய்வீட்டுக்கு வந்துதானே ஆகணும்?"

ஆடி பிறக்கிறதுக்கு முந்தின நாள் பழம், பூ, அல்வா, வேட்டி சேலையோடு நாலு பேரும் ஆவுடையப்பன் வீட்டு வாசலில் போய் நின்றார்கள். "ஆடிக்குப் பொண்ணைக் கூட்டிட்டுப் போக வந்திருக்கோம்."

ஆவுடையப்பனுக்குத் தலை சுற்றியது. "ஏங்க, நான் அதுலதான் மண்டிக்குப் போறேன்."

உள்ளேயிருந்து பகவதி வந்தாள். "சீரை வாங்கி வச்சுக்கிட்டமில்ல? மெத்தையில படுக்கறமில்ல? முறைன்னு வந்து நிக்கறவங்களை வெறுங்கையா அனுப்பினா நாளைக்கு நம்ம வீட்டை எவன் மதிப்பான்? சாவியை எடுத்துக் கொடுங்க."

வால்டோரா வந்து பழைய இடத்தில் நின்றது. அக்கா கிட்டே போய்த் தொட்டுப் பார்த்துவிட்டுச் சிரித்தாள். இந்த நாலு பேரால் ஒரு நல்லது நடக்கும் என்று நானும் நினைத்ததில்லை.

வியாழக்கிழமை விடிகாலையில் கம்பெனி லாரி வந்தது. நாலு பேரும் டீ குடிக்கப் போயிருந்தார்கள். லாரிக்காரன் புது வண்டியை வால்டோரா பக்கத்தில் இறக்கி, அதன் சார்ஜ் வயரை வால்டோராவுக்கு அடியில் விட்டுப் பின்சுவர் ப்ளக்கில் சொருகிவிட்டுப் போய்விட்டான். சின்னஞ்சிறு வண்டி, ரெண்டே சீட்டு. நிறமும் அதே குங்குமச் சிவப்பு.

டீ குடித்துவிட்டு வந்தவர்கள் அப்படியே நின்றுவிட்டார்கள்.

"அக்கா அன்னைக்கே சொல்லிச்சு, சின்னது ஒண்ணு வரப்போகுதுன்னு. நமக்குத்தான் உறைக்கலை" என்றான் அய்யாக்கண்ணு.

"தையிலதானே கட்டிக் கொடுத்தோம். ஆடிக்குள்ள எப்படிண்ணே?" என்றான் சடையாண்டி.

"மாசம் நிறையலை, அதான் ரெண்டு சீட்டோட பிறந்திருக்கு. இன்னும் மூணு மாசம் இருந்திருந்தா ஏழு சீட்டும் வந்திருக்கும்."

நல்லுச்சாமி அழுதான். குட்டியப்பன் குனிந்து பார்த்து, "கொடி இன்னும் தாயோட ஒட்டிக்கிட்டு இருக்குண்ணே" என்றான். அவன் வாழ்நாளில் சொந்தமாகச் சொன்ன ஒரே வார்த்தை அது.

புது பிளேடை வெந்நீரில் கழுவி அய்யாக்கண்ணு அந்த வயரை அறுத்தான். அந்நேரம் பார்த்து எங்கள் ரோட்டில் கரண்ட் போயிருந்தது, அவன் பெண்டாட்டி தாலி கெட்டி. அறுத்த முனையில் மஞ்சள் தடவினார்கள். ஆவுடையப்பனுக்குச் சொல்லி அனுப்பினார்கள். அவர் கல்கண்டோடு வந்து ரெண்டு வண்டியையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இதுவும் எனக்கா?"

"தகப்பன் நீங்கதானே? வெள்ளிக்கிழமை பேர் வைக்கிறோம். ஆடி முடியட்டும், தாயையும் பிள்ளையையும் கூட்டிட்டுப் போங்க."

ஆவுடையப்பன் கல்கண்டை எல்லாருக்கும் கொடுத்தார். அரைஞாண் கயிறு ஒன்று வாங்கிவந்து பம்பரில் கட்டிவிட்டுப் போனார்.

வெள்ளிக்கிழமை. தலைவர் ஹென்ட்ரிக் வந்தார், பனைமரம் உயரம். பின்னால் பிரசன்னா, பேப்பர்காரர்கள், கேமராக்காரர்கள். அவர் விரல் விட்டு ஒவ்வொரு மாடலாக எண்ணினார். எல்லாம் இருந்தன. திலகவதி அக்கா மூச்சு விட்டாள். அப்புறம் அவர் கிட்டே போய்ப் பார்க்க ஆரம்பித்தார். ஒன்றுக்கு மண்டையில் சந்தனம், ஒன்றுக்குக் காதில் வளையம். வால்டோராவில் நம்பர் பிளேட், உள்ளே ஒரு சிப்பம் வெல்லம்.

"இது விற்ற வண்டியாச்சே, இங்கே எப்படி என்று கேட்கிறார்" என்றார் பிரசன்னா, வியர்வையைத் துடைத்துக்கொண்டு.

"பிறந்த வீட்டுல ஒரு மாசம் இருந்துட்டுப் போகட்டும்னு கூட்டிட்டு வந்திருக்கோம். அவங்களும் சந்தோஷமாத்தான் அனுப்பி வச்சாங்க" என்றான் அய்யாக்கண்ணு.

பிரசன்னா அதை அப்படியே அவர் பாஷையில் சொன்னார். மாற்றிச் சொல்ல அவருக்கு அப்போது மூளை வேலை செய்யவில்லை. தலைவர் புது வண்டிக்குள் உட்கார்ந்து பொத்தானை அமுக்கினார். ஓட்டிக்கொண்டு வெளியே வந்து பெயரைச் சொல்வதாக ஏற்பாடு. வண்டி அசையவில்லை. மறுபடி அமுக்கினார். கேமராவெல்லாம் அவரையே பார்க்கின்றன. தலைவர் முகம் சிவந்துபோய்ப் பிரசன்னாவைப் பார்த்தார், பிரசன்னா அக்காவைப் பார்த்தார். அக்கா என்னைப் பார்த்தாள், நான் என்ன செய்வேன்?

அய்யாக்கண்ணு முன்னால் வந்தான். "பிறந்து ஒரு நாள்தான் ஆச்சு, அதுக்குள்ள நடக்கச் சொன்னா எப்படி? பேர் வைக்கிற பிள்ளை மாமன் மடியில இருக்கணும்" என்றான்.

நான் மடியைப் பொத்திக்கொண்டேன். தூணுக்குப் பின்னால் நகர்ந்தேன். ஆனால் அவர்கள் என் பக்கமே வரவில்லை. ஒரே ஷோரூமில் வளர்ந்ததால் வால்டோராவுக்கு அண்ணன் டோகோதானே, பிள்ளைக்கு அதுதானே மாமன்? டோகோவுக்குத்தான் மடி இருக்கிறதே. என் கடைப் பலகைகளைச் சாய்த்து, தலைவரை இறக்கிவிட்டு, நாலு பேரும் தள்ளிய தள்ளில் அந்தச் சின்ன வண்டி டோகோவின் தொட்டிக்குள் அளவெடுத்த மாதிரி போய் உட்கார்ந்தது. பட்டுத் துண்டைப் போர்த்தினார்கள். சாம்பிராணி போட்டார்கள். பேப்பர்காரர்கள் கை தட்டினார்கள்.

புகைக்குள் நின்றுகொண்டிருந்த தலைவரின் கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. சாம்பிராணிதான். ஆனால் எதிரே நல்லுச்சாமி அழுவதை அவர் பார்த்துவிட்டார், ரெண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டே அழுதார்கள். அப்புறம் அவர் பிரசன்னாவிடம் நிறையப் பேசினார்.

"எத்தனையோ தேசத்துல கார் விக்கிறாராம். ரிப்பேர்னு திரும்பி வந்த வண்டியைத்தான் பார்த்திருக்காராம், பாசத்துல திரும்பி வந்த வண்டியை இன்னைக்குத்தான் பார்க்கிறாராம். ஏஜென்சி கடைசி வரைக்கும் உங்களுக்குத்தான் மேடம்" என்றார் பிரசன்னா.

திலகவதி அக்கா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். எனக்கும் கண் கலங்கியது, அதில் பாதி சாம்பிராணி.

"சரி, எல்லாரும் கவனிங்க. இப்ப தலைவர் வண்டியோட பேரை அறிவிப்பார்" என்றார் பிரசன்னா. பேப்பர்காரர்கள் மைக்கை நீட்டினார்கள்.

அய்யாக்கண்ணு மைக்கை ஒதுக்கிவிட்டான். தலைவர் கையில் சர்க்கரைத் தண்ணீர்க் கிண்ணத்தைக் கொடுத்து, டோகோ மேல் ஏற்றிவிட்டு, சின்ன வண்டியின் பக்கக் கண்ணாடியையும் தன் காதையும் காட்டி மூன்று விரலை நீட்டினான். பெரிய மனுஷன் புரிந்துகொண்டார். குனிந்து, கையை மறைத்து வைத்து, பிள்ளையின் காதில் மூன்று தடவை பெயரைச் சொன்னார். இறங்கினார், கும்பிட்டார், விமானத்துக்கு நேரமாகிவிட்டது என்று பிரசன்னாவையும் இழுத்துக்கொண்டு காரில் ஏறிப் போய்விட்டார்.

பேப்பர்காரர்கள் அய்யாக்கண்ணுவைச் சூழ்ந்துகொண்டார்கள். "அண்ணே, பேர் என்ன? எழுதணும்."

"பிள்ளைகிட்டதானே சொல்லியிருக்கார், எங்ககிட்டயா சொன்னார்? அதைக் கேளுங்க" என்றான் அய்யாக்கண்ணு.

படித்தவர்கள்தான், என்ன செய்வது, செய்தி கொடுத்தாக வேண்டுமே. ஒவ்வொருவராக டோகோ மேல் ஏறி அந்தக் கண்ணாடியில் காதை வைத்துக் கேட்டுவிட்டு இறங்கினார்கள். வரிசை என் கடை வரைக்கும் வந்துவிட்டது, அதில் ஆவுடையப்பனும் நின்றார், தகப்பனுக்குத் தெரிய வேண்டாமா? மாமன் முறை என்று என்னையும் ஏற்றிவிட்டார்கள். நானும் நெடுநேரம் காதை வைத்துப் பார்த்தேன். ஒன்றும் சொல்லவில்லை. கூட்டத்தைப் பார்த்துப் பிள்ளை மிரண்டிருக்கும், நாளைக்கு ஆள் இல்லாத நேரமாகப் போய்க் கேட்க வேண்டும்.